இணையத்தின் விதிகளை எழுதும் இடங்களில் நமக்கு இடம் உண்டா? குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல் என்று இணையம் பற்றிப் பேசப் போகும் இடங்களில் எல்லாம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். ரீசார்ஜ், வேகம், பில் பற்றிய கேள்விகள் இதில் இல்லை. இணையத்துக்கான முடிவுகளை எடுப்பது யார், அந்தக் கூட்டங்களுக்குள் சாதாரண ஆட்கள் போக முடியுமா, போனால் அங்கே யாராவது காது கொடுத்துக் கேட்பார்களா என்பதுதான் விஷயம்.

என் நிலைப்பாட்டை இப்போதே சொல்லிவிடுகிறேன். மக்களிடம் கருத்துக் கேட்பது எந்த அமைப்புக்கும் எளிது. வந்த கருத்தை எல்லாரும் பார்க்கும்படி வெளியிட்டு, ஏற்றதற்கும் தள்ளியதற்கும் எழுத்தில் காரணம் சொல்வதுதான் கடினம். ஓர் அமைப்பை எடைபோடும்போது இந்த இரண்டாவது வேலையைச் செய்கிறதா என்று பாருங்கள்.

இணையத்துக்கு முதலாளி என்று யாராவது உண்டா?

இல்லை. வேலைகள் பல இடங்களில் பிரிந்து கிடக்கின்றன. டாட் காம், டாட் ஆர்க், டாட் இந்தியா போன்ற பெயர்களின் உச்சிப் பட்டியலை ஐகேன் ஒருங்கிணைக்கிறது. 1998-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் பதிவான லாப நோக்கற்ற அமைப்பு அது. கணினிகள் ஒன்றோடொன்று பேசும் தொழில்நுட்ப நெறிகளை எழுதுவது ஐ.இ.டி.எஃப். என்ற பொறியாளர் குழு. ஆசிய பசிபிக் பகுதிக்கான ஐ.பி. முகவரிகளை (இணையத்தில் கருவிகளை அடையாளம் காட்டும் எண்களை) ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் இருக்கும் ஏபிநிக் பங்கிடுகிறது. இந்தியாவுக்குள் டாட் இன் பெயர்கள் நிக்சி என்ற அமைப்பின் கையில் இருக்கின்றன. தொலைத்தொடர்புக் கட்டணம், சேவைத் தரம் ஆகியவற்றை ஒழுங்குபடுத்துவதோடு அலைக்கற்றை பற்றி அரசுக்குப் பரிந்துரை செய்வதும் டிராய். சட்டமும் தடையும் மத்திய அரசின் தகவல் தொழில்நுட்ப அமைச்சகமும் தொலைத்தொடர்புத் துறையும் பார்க்கும் வேலை. இணையத்தை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் மாநில உள்துறைச் செயலாளருக்கும் உண்டு.

சரி, இதில் எனக்கு என்ன? நான் ரப்பர் வெட்டுகிறவன், மீன்பிடிக்கப் போகிறவன், கடை வைத்திருக்கிறவன்.

2018 மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். 22-ஆம் தேதி தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தது. மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று மாவட்டங்களிலும் இணையத்தை ஐந்து நாள் நிறுத்த அரசு உத்தரவிட்டது. துப்பாக்கிச் சூடு நடந்தது தூத்துக்குடியில். குளச்சலிலும் களியக்காவிளையிலும் போனில் இணையம் ஏன் நிற்க வேண்டும்? அந்தக் காரணத்தை நம் மாவட்டத்து மக்களிடம் எடுத்துச் சொல்லும் வழக்கமே அப்போது இல்லை.

தூத்தூர் வட்டாரத்தில் இருந்து ஆழ்கடலுக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு காரணம் இருக்கிறது. கரையிலிருந்து கொஞ்ச தூரம் தாண்டினால் செல்போன் சிக்னல் கிடையாது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்தபோது, கடலில் இருந்தவர்களுக்குச் செய்தி போய்ச் சேராததன் விலை என்ன என்று இந்தக் கரைக்குத் தெரியும். செயற்கைக்கோள் வழி இணையத்துக்கு அலைக்கற்றையை எந்த முறையில், எந்த விலைக்குக் கொடுப்பது என்று டிராய் 2025 மே மாதம் பரிந்துரை அளித்தது. அதற்கு முன்பு, 2024 செப்டம்பரில், எல்லாரும் கருத்துச் சொல்லும்படி ஒரு கலந்தாய்வுத் தாளை வெளியிட்டிருந்தது. அந்த வசதி மீனவக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும் விலையில் வருமா என்பதில் இந்தக் கரையை விட அக்கறை உள்ளவர்கள் குறைவு. ஆனால் அப்படி ஒரு தாள் வந்ததே இங்கே அநேகம் பேருக்குத் தெரியாது.

இணையத்தை நிறுத்தினால் உத்தரவை நமக்குக் காட்ட வேண்டுமா?

காட்ட வேண்டும். காஷ்மீரில் இணையம் நிறுத்தப்பட்டதை எதிர்த்து அனுராதா பாசின் தொடர்ந்த வழக்கில், 2020 ஜனவரி 10 அன்று உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: இத்தகைய உத்தரவுகளை வெளியிட வேண்டும், காலவரையறை இல்லாமல் நிறுத்தி வைக்கக் கூடாது, பாதிக்கப்பட்டவர் நீதிமன்றம் போக வழி இருக்க வேண்டும். உத்தரவே கையில் இல்லாதவன் எதைக் காட்டி வழக்குப் போடுவான்? அதனால்தான் வெளியிடுவது இவ்வளவு முக்கியம். 2024 நவம்பரில் வந்த புதிய விதிகளும் காரணம், பகுதி, கால அளவு ஆகியவற்றோடு உத்தரவை வெளியிடச் சொல்கின்றன. ஓர் உத்தரவு அதிகபட்சம் 15 நாள்.

எனக்கு உறுத்துவது இந்த உத்தரவுகளைப் பரிசீலிக்கும் மறு ஆய்வுக் குழு. மாநில அளவில் அதன் தலைவர் தலைமைச் செயலாளர், உறுப்பினர்களும் அரசுச் செயலாளர்களே. அரசு போட்ட உத்தரவை அரசு அதிகாரிகளே பரிசீலிக்கிறார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரோ, வெளியாள் ஒருவரோ அதில் இல்லை. அந்தக் குழு என்ன முடிவுக்கு வந்தது என்பதையும் உத்தரவைப் போலவே வெளியிட்டால்தான் இந்தப் பாதுகாப்புக்கு அர்த்தம் இருக்கும்.

ஐகேன் கூட்டத்துக்கு நம்மைப் போன்றவர்கள் போக முடியுமா?

முடியும். வருடத்துக்கு மூன்று பெரிய கூட்டங்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு நாட்டில். இந்தியாவில் 2008-ல் டெல்லியிலும் 2016-ல் ஹைதராபாத்திலும் நடந்தது. நுழைவுக் கட்டணம் கிடையாது. பெயரைப் பதிவு செய்துவிட்டு வீட்டில் இருந்தபடி இணையம் வழியாகவும் கலந்துகொள்ளலாம், கேள்வியும் கேட்கலாம். கூட்டம் அமெரிக்கக் கண்டத்தில் நடந்தால் இங்கே நள்ளிரவு தாண்டி விழித்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கூட்டங்களுக்கு வெளியே, கொள்கை மாற்றம் எது வந்தாலும் பொதுக்கருத்துக்கு விடுகிறார்கள். வழக்கமாக 40 நாள் அவகாசம். யார் எழுதினாலும் அது இணையதளத்தில் அப்படியே வெளியாகும், முடிவில் ஒரு தொகுப்பறிக்கையும் வரும். இயக்குநர் குழுவின் தீர்மானங்களைக் காரணத்தோடு வெளியிட வேண்டும் என்பது அவர்களுடைய விதி. வெளியிடாத ஆவணம் ஒன்று வேண்டும் என்று எழுதிக் கேட்டால் 30 நாளில் பதில் சொல்லும் முறையும் இருக்கிறது. அது நம் தகவல் அறியும் உரிமைச் சட்டம் போலச் சட்டம் கிடையாது. ஐகேன் தனக்குத்தானே போட்டுக்கொண்ட கொள்கை, மறுப்பதற்கான காரணப் பட்டியலும் நீளமானது.

சாதாரணப் பயனர்களுக்கு என்று அட் லார்ஜ் என்ற பிரிவு தனியாக இருக்கிறது. உலகத்தை ஐந்து பகுதியாகப் பிரித்திருக்கிறார்கள். நம்முடைய பகுதி ஆசியாவும் பசிபிக் தீவுகளும். தனிநபராகக் கட்டணமின்றிச் சேரலாம்.

ஐகேன் எப்போதும் இப்படித்தான் இருந்ததா?

இல்லை. இந்த வரலாற்றைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

2000-ல் ஐகேன் ஒரு துணிச்சலான காரியம் செய்தது. உலகம் முழுக்க உள்ள இணையப் பயனர்களே ஓட்டுப் போட்டு ஐந்து இயக்குநர்களைத் தேர்ந்தெடுத்தார்கள், ஒவ்வொரு பகுதிக்கும் ஒருவர். வட அமெரிக்காவில் ஜெயித்தவர் கார்ல் ஆவர்பாக். பதவிக்கு வந்தவர், அமைப்பின் கணக்குகளையும் உள் ஆவணங்களையும் பார்க்க வேண்டும் என்று கேட்டார். நிர்வாகம் நிபந்தனைகளைப் போட்டது. அவர் ஏற்கவில்லை, 2002-ல் நீதிமன்றம் போனார். இயக்குநருக்கே ஆவணத்தைக் காட்ட மறுக்க முடியாது என்று அதே வருடம் ஜூலையில் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது.

அதே வருடம் ஐகேன் தன் அமைப்பையே திருத்தி எழுதியது. பயனர்கள் நேரடியாக ஓட்டுப் போடும் முறை போய்விட்டது. உள்ளே வந்த ஒருவர் ஆவணத்தைக் கேட்டு ஜெயித்த வருடமும், அவரைப் போன்றவர்கள் ஓட்டு வாங்கி உள்ளே வரும் வழி அடைபட்ட வருடமும் ஒன்றே. ஒன்றால்தான் மற்றது நடந்தது என்று நான் சொல்லவில்லை. தேர்தலில் கலந்துகொண்டவர்கள் மிகக் குறைவு, சில நாடுகளில் இருந்து மட்டும் ஓட்டுகள் குவிந்தன என்ற குறைகள் உண்மையாகவே இருந்தன. ஆனாலும் குறைகளைச் சரி செய்யாமல் தேர்தலையே எடுத்தது பெரிய இழப்பு என்பது என் கருத்து.

அப்புறம் 2016 அக்டோபர் 1 அன்று அமெரிக்க அரசு தன் கையில் இருந்த கடைசி மேற்பார்வை ஒப்பந்தத்தை விட்டுக்கொடுத்தது. அதற்கு ஈடாக, இயக்குநர் குழுவை நீக்கும் அதிகாரம் வரை பயனர்களையும் உள்ளடக்கிய சமூகக் குழுக்களுக்குக் கொடுக்கும்படி விதிகள் மாற்றப்பட்டன. முன்பைவிட இது மேலானது.

மூவாயிரம் பேர் வேண்டாம் என்று சொல்லியும் செய்தார்கள் என்கிறார்களே?

டாட் ஆர்க் விவகாரம். நம் மாவட்டத்துத் தொண்டு நிறுவனங்கள், தேவாலயப் பங்குகள், சங்கங்கள் பலவும் இணையதளம் வைத்திருப்பது டாட் ஆர்க்கில்தான், அதனால் இது தொலைதூரச் சங்கதி இல்லை.

டாட் ஆர்க் பெயரின் விலையை வருடத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்று ஓர் உச்சவரம்பு இருந்தது. 2019-ல் புதிய ஒப்பந்தத்தில் அதை நீக்கப் போவதாக ஐகேன் பொதுக்கருத்துக்கு விட்டது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கருத்துகள் வந்தன, அநேகமாக எல்லாமே எதிர்ப்பு. ஜூன் 30 அன்று உச்சவரம்பு இல்லாமலே ஒப்பந்தம் கையெழுத்தானது.

அதே வருடம் நவம்பரில், டாட் ஆர்க்கை நடத்தும் அமைப்பையே ஈதோஸ் கேபிடல் என்ற தனியார் முதலீட்டு நிறுவனத்துக்கு நூறு கோடி டாலருக்கு மேல் விற்கப் போகும் செய்தி வந்தது. இந்த முறை எதிர்ப்பு கருத்துப் பெட்டியோடு நிற்கவில்லை. உலகெங்கும் தொண்டு நிறுவனங்கள் கையெழுத்துத் திரட்டின, ஐகேன் அலுவலக வாசலில் போராட்டம் நடந்தது, கலிஃபோர்னியாவின் அட்டர்னி ஜெனரல் கடிதம் எழுதினார். 2020 ஏப்ரல் 30 அன்று ஐகேன் விற்பனைக்குச் சம்மதம் மறுத்தது.

உச்சவரம்பு விஷயமும் அதோடு முடியவில்லை. நேம்சீப் என்ற பெயர்ப்பதிவு நிறுவனம் சுயேச்சை மறு ஆய்வு கேட்டது. 2022 டிசம்பரில் நடுவர் குழு, அந்த முடிவை எடுத்த விதத்தில் ஐகேன் தன் சொந்த வெளிப்படைத்தன்மை விதிகளையே மீறியது என்று தீர்ப்பளித்தது. முக்கியமான பேச்சு மூடிய அறைகளில் நடந்தது, இயக்குநர் குழு பொதுவெளியில் விவாதித்துத் தீர்மானம் போடவில்லை என்பதே குறை. மூவாயிரம் பேர் எதிர்த்தால் கட்டாயம் ஏற்க வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. ஏன் ஏற்கவில்லை என்று எல்லாருக்கும் முன்னால் விளக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. பிடிபட்டது அங்கேதான்.

டிராய் நம்மைக் கேட்குமா? டெல்லியில் இருக்கிறவர்கள் ஆயிற்றே?

இந்தியாவில் ஒழுங்குமுறை அமைப்புகளிலேயே பொதுமக்கள் கருத்தை முறையாகக் கேட்பதில் டிராயை நான் முன்வரிசையில் வைப்பேன். 1997-ஆம் வருடச் சட்டத்தின் பதினோராம் பிரிவே அது வெளிப்படையாக இயங்க வேண்டும் என்று கட்டளையிடுகிறது. நடைமுறை இது: முதலில் கேள்விகளோடு கலந்தாய்வுத் தாள், பிறகு கருத்துகளுக்கு ஒரு கெடு, மற்றவர்கள் எழுதியதைப் படித்து மறுகருத்து எழுத இன்னொரு கெடு, அதன்பின் எல்லாரும் பேசும் திறந்த கூட்டம். இப்போது அந்தக் கூட்டங்களில் இணையம் வழியாகவும் சேர முடிகிறது. முடிவு வரும்போது காரண விளக்கமும் கூடவே வரும்.

2015 மார்ச்சில் வாட்ஸ்அப், ஸ்கைப் போன்ற சேவைகள் பற்றி 118 பக்கத்தில், 20 கேள்விகளோடு ஒரு தாள் வந்தது. சாதாரண ஆள் படித்து முடிக்கிற எழுத்தாக அது இல்லை. தன்னார்வலர்கள் அதை எளிமையாக எழுதிக் கொடுத்தார்கள், பத்து லட்சத்துக்கும் மேல் மின்னஞ்சல்கள் போயின. வருடக் கடைசியில், சில தளங்களை மட்டும் இலவசமாகக் கொடுக்கலாமா என்ற அடுத்த தாள் வந்தது. 2016 பிப்ரவரி 8 அன்று, எந்தத் தளத்தைப் பார்க்கிறோம் என்பதை வைத்து வேறு வேறு கட்டணம் வாங்கக் கூடாது என்று டிராய் தடை விதித்தது. பேஸ்புக்கின் ஃப்ரீ பேசிக்ஸ் திட்டம் இந்தியாவில் நின்றது இதனால்தான். இன்று எந்த நிறுவனத்தின் சிம் போட்டாலும் எல்லாத் தளமும் ஒரே டேட்டா விலையில் திறக்கிறதென்றால், அன்று எழுதிய அந்தப் பத்து லட்சம் பேருக்கும் அதில் பங்கு உண்டு.

எல்லாரும் ஒரே கடிதத்தை நகல் எடுத்து அனுப்பினால் போதுமா?

போதாது. ஃப்ரீ பேசிக்ஸ் விவகாரத்தில் பேஸ்புக் தன் பயனர்களை ஆயத்த வாசகம் ஒன்றை அனுப்ப வைத்தது. லட்சக்கணக்கில் போய்க் குவிந்தது. தாளில் கேட்ட கேள்விகளுக்கு அவற்றில் பதிலே இல்லை என்று டிராய் சுட்டிக்காட்டியது. எண்ணிக்கைக்கு ஒரு கனம் உண்டுதான், ஆனால் காரணம் சொல்லும் ஒரு பக்கத்துக்கு அதைவிட அதிகம் உண்டு.

எழுதும்போது கேள்வி எண்ணைக் குறிப்பிட்டு எழுதுங்கள். எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை, தெரிந்த ஒன்றுக்குச் சொன்னால் போதும். பேச்சிப்பாறை மலைப்பகுதியில் சிக்னல் எங்கே அறுகிறது, ஆன்லைன் வகுப்புக்குப் பிள்ளைகள் எங்கே ஏறிப் போய் உட்கார வேண்டியிருந்தது, ரேஷன் கடையில் கைரேகை இயந்திரம் இணைப்பில்லாமல் நின்றால் என்ன நடக்கிறது என்பதை டெல்லியில் உட்கார்ந்து யாரும் எழுத முடியாது. உங்களுக்கு எது நேரில் தெரியுமோ அதை எழுதி, விதியில் என்ன மாற்றம் வேண்டும் என்று ஒரு வரியில் முடியுங்கள்.

என் பெயரும் மின்னஞ்சலும் வெளியே தெரியுமா?

பொதுவாகத் தெரியும் என்றே நினைத்துக்கொள்ளுங்கள். 2015-ல் டிராய் வந்த மின்னஞ்சல்களை எல்லாம் முகவரியோடு வெளியிட்டுவிட்டது, பலர் கோபப்பட்டார்கள். கோபம் நியாயமானது. யார் என்ன சொன்னார்கள் என்று தெரிவது அவசியம், நிறுவனங்கள் எழுதுவதற்கு இது இன்னும் அவசியம். ஆனால் தனிமனிதரின் முகவரியை மறைப்பதால் எந்த விவாதமும் கெட்டுப்போகாது. கைபேசி எண்ணைக் கடிதத்தின் உள்ளே எழுதாமல் இருப்பது நல்லது.

தமிழில் எழுதினால் ஏற்பார்களா?

குறை தீர்க்கக் கோரும் மனுவை மத்திய, மாநில அரசுகளின் எந்த அதிகாரிக்கும் ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்று அரசியல் சாசனத்தின் 350-ஆவது பிரிவு சொல்கிறது. ஆகவே தயங்காமல் தமிழில் எழுதலாம். ஆங்கிலத்தில் ஒரு சுருக்கம் சேர்த்தால் படிக்கப்படும் வாய்ப்பு கூடும், நடைமுறை அப்படி இருக்கிறது.

நியாயம் அப்படி இருக்கக் கூடாது. 2020-ல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வந்தபோது, அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணை மொழிகளில் எல்லாம் மொழிபெயர்த்து வெளியிட வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. இணையம் பற்றிய வரைவுகளுக்கும் அதே நியாயம்தான் பொருந்தும். கடலோரத்துக்கும் மலையோரத்துக்கும் பாதிப்பு வரும் ஒரு முடிவு, அங்கே இருப்பவர்களுக்குப் புரியாத மொழியில் விவாதிக்கப்பட்டால், அறைக் கதவு எவ்வளவு அகலமாகத் திறந்திருந்தும் பயனில்லை. ஐகேன் கூட்டங்களில் ஐ.நா. மொழிகள் ஆறுக்கும் மொழிபெயர்ப்பு இருக்கிறது. அந்த ஆறில் தமிழ் இல்லை, இந்தியாவின் வேறெந்த மொழியும் இல்லை.

தமிழில் இணைய முகவரி வைக்கலாம் என்கிறார்கள். அந்த விதிகளை யார் எழுதினார்கள்?

டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர் மூன்றும் தமிழ் எழுத்திலேயே இருக்கின்றன. உச்சிப் பட்டியலில் சேரும் தமிழ்ப் பெயர்களில் எந்த எழுத்துகள் வரலாம், எவை குழப்பம் தரும் என்பதை வகுத்தது நியோ பிராமி குழு என்ற தன்னார்வ நிபுணர் குழு. தமிழ், மலையாளம், தேவநாகரி உட்பட ஒன்பது எழுத்து முறைகளை அது கையாண்டது. வரைவு பொதுக்கருத்துக்கு விடப்பட்டு, தமிழ் விதிகள் 2019-ல் சேர்ந்தன.

ஏன் இதில் நம் கருத்து முக்கியம்? தோவாளைப் பக்கம் ஆடிச் செவ்வாய்க்குப் பெண்கள் கூடும் ஔவையாரம்மன் கோயிலுக்கு ஒரு தளம் தொடங்குகிறீர்கள் என்று வையுங்கள். ‘ஔ’ என்ற ஒரே எழுத்தாக அடித்தால் ஒரு முகவரி, ‘ஒ’, ‘ள’ என்று இரண்டாக அடித்தால் வேறொரு முகவரி. திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். இரண்டாவதை வேறு யாராவது வாங்கிவைத்து நன்கொடை வசூலித்தால்? தமிழிலும் மலையாளத்திலும் ஒன்றுபோல் தோன்றும் எழுத்துகளும் உண்டு. களியக்காவிளை, அருமனை பக்கம் இரண்டு மொழியையும் கூட்டிப் படிக்கும் மக்கள் இதைப் பார்த்த உடனே பிடித்துவிடுவார்கள். இப்படிப்பட்ட அறிவு குழுவின் நிபுணர்களிடம் மட்டும் இருக்க வேண்டும் என்பதில்லை.

பொறியாளர் குழு என்றீர்களே, அங்கேயும் நாம் போகலாமா?

ஐ.இ.டி.எஃப்.-ல் உறுப்பினர் அட்டை என்பதே கிடையாது. 1986-ல் தொடங்கியது. விவாதம் நடக்கும் மின்னஞ்சல் குழுக்களில் யாரும் சேரலாம், பழைய விவாதம் முழுவதையும் படிக்கலாம், ஆவணங்கள் இலவசம். கூட்டத்துக்கு நேரில் போகக் கட்டணம் உண்டு, தொலைவில் இருந்து சேருபவர்கள் கேட்டால் விலக்கு தருகிறார்கள். ஓட்டெடுப்பு நடத்துவதில்லை. ஒரு யோசனைக்கு அறையில் எவ்வளவு ஆதரவு என்று அறிய, ஆதரிப்பவர்களை ‘ம்ம்ம்’ என்று முனகச் சொல்கிறார்கள், பிறகு எதிர்ப்பவர்களை. சிறுபான்மையின் தொழில்நுட்ப ஆட்சேபம் சரியாக இருந்தால் பெரும்பான்மை அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். நம் பொறியியல் கல்லூரி மாணவர்கள் கடைசி வருடத் திட்டத்துக்குத் தலைப்புத் தேடி அலைகிறார்கள், அதில் நடக்கும் ஒரு விவாதத்தை மட்டும் தொடர்ந்து படித்தாலே போதும் என்பேன்.

அரசுகள் மட்டும் உட்கார்ந்து முடிவெடுத்தால் என்ன குறை? நாம் ஓட்டுப் போட்ட அரசுதானே?

2012-ல் துபாயில் ஐ.நா.வின் தொலைத்தொடர்பு ஒன்றியம் நடத்திய மாநாட்டைப் பாருங்கள். இணையத்தைத் தொடக்கூடிய ஒப்பந்த முன்மொழிவுகள் உறுப்பினர்களுக்கு மட்டும் கிடைத்தன. இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் கசிந்த ஆவணங்களைப் போடுவதற்கென்றே ஒரு தளம் தொடங்கிய பிறகுதான் உலகத்துக்கு விஷயம் தெரிந்தது. கடைசியில் 89 நாடுகள் கையெழுத்திட்டன, 55 நாடுகள் இடவில்லை. இந்தியாவும் அங்கே கையெழுத்துப் போடவில்லை. நம் அரசு நமக்காகப் பேசுகிறதென்றால், என்ன பேசப் போகிறது என்று போகும் முன்னால் நமக்குத் தெரிய வேண்டும் அல்லவா?

எல்லாவற்றையும் வெளிப்படையாக வைத்தால் பாதுகாப்பு என்ன ஆகும்?

நல்ல கேள்வி. ஊழியரின் சொந்த விவரம், இன்னும் அடைக்கப்படாத பாதுகாப்பு ஓட்டை போன்றவை கொஞ்ச காலம் மூடியே இருக்க வேண்டும். ஆனால் இணையப் பெயர்களின் நம்பகத்தன்மைக்கு அடிப்படையான மறைகுறியீட்டுச் சாவியை எப்படிக் கையாளுகிறார்கள் தெரியுமா? வருடத்துக்கு நான்கு முறை, அமெரிக்காவின் இரண்டு இடங்களில், பல நாடுகளைச் சேர்ந்த வெளியாட்கள் சாட்சியாக இருக்க, நேரலையில் ஒளிபரப்பிச் செய்கிறார்கள். 2010-லிருந்து இப்படித்தான். சாவி ரகசியம். அதைக் கையாளும் முறையில் ரகசியம் இல்லை.

இதற்கு நேர்மாறு நம் நாட்டுத் தளத்தடை முறை. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69ஏ பிரிவின் கீழ் தடை செய்யும்போது, 2009 விதிகளின் 16-ஆவது விதி கோரிக்கையையும் நடவடிக்கையையும் ரகசியமாக வைக்கச் சொல்கிறது. எந்தத் தளம், எதற்காக என்று வாசகருக்குத் தெரியாது. உச்ச நீதிமன்றம் 2015-ல் இந்தப் பிரிவை ஏற்றது, காரணங்கள் எழுத்தில் இருக்க வேண்டும், அதைக் காட்டி வழக்குப் போடலாம் என்ற பாதுகாப்புகளையும் சேர்த்துத்தான் ஏற்றது. எழுதிய காரணம் பூட்டிய அலமாரியில் இருந்தால் அந்தப் பாதுகாப்பு யாருக்கு?

சட்ட வரைவுகளுக்குக் கருத்துக் கேட்கிறார்களே, அது நடக்கிறதா?

குறைந்தது 30 நாள் வரைவைப் பொதுவெளியில் வைக்க வேண்டும், வந்த கருத்துகளின் சுருக்கத்தை வெளியிட வேண்டும் என்று மத்திய அரசு 2014-ல் ஒரு கொள்கை வகுத்தது. 2022 நவம்பரில் தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதாவின் வரைவு வந்தபோது, அனுப்பும் கருத்துகள் வெளியிடப்பட மாட்டா என்று அறிவிப்பிலேயே சொன்னார்கள். பெரிய நிறுவனங்கள் என்ன கேட்டன, எதைச் சாதித்துக்கொண்டன என்று ஒப்பிட்டுப் பார்க்க வழியே இல்லை. டிராய் பத்து வருடங்களுக்கு மேலாகச் செய்வதை அமைச்சகம் செய்ய முடியாது என்பதற்கு நியாயமான காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அந்த மசோதாவிலிருந்து வந்த சட்டமே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவையும் சுருக்கிவிட்டது. பொதுநலன் இருந்தால் தனிநபர் தகவலைத் தரலாம் என்று அந்தப் பிரிவுக்குள்ளேயே இருந்த வாசகம் போய்விட்டது. 8(2) இன்னும் இருக்கிறது, பொதுநலன் பெரிது என்றால் கொடுக்கலாம் என்று அது பொதுவாகச் சொல்கிறது. இனி மனு எழுதும்போது 8(2)-ஐக் குறிப்பிட்டு, பொதுநலன் என்ன என்பதையும் இரண்டு வரி எழுதிவிடுங்கள்.

நம் ஊரிலேயே எடுக்கும் முடிவுகள் ஏதாவது உண்டா?

பாரத்நெட் இருக்கிறது. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடியிழைக் கேபிள் கொண்டுபோகும் திட்டம், டான்ஃபிநெட் என்ற அரசு நிறுவனம் நடத்துகிறது. இதன் முதல் டெண்டரின் நிபந்தனைகள் போட்டியைக் கட்டுப்படுத்துகின்றன என்று அறப்போர் இயக்கம் புகார் செய்தது. 2020 ஜூனில் மத்திய அரசு தலையிட, டெண்டர் ரத்தானது. நிபந்தனைகள் பொதுவெளியில் இருந்ததால்தான் வெளியாட்கள் படித்துக் குறை கண்டுபிடிக்க முடிந்தது.

கேபிள் உங்கள் ஊராட்சிக்கு வந்ததா, வந்த பெட்டி வேலை செய்கிறதா, பள்ளிக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் இணைப்புக் கொடுத்தார்களா என்று கிராம சபையில் கேட்டுத் தீர்மானமாகவே போடலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு கூட்டம். நவம்பர் 1 நம் மாவட்டம் 1956-ல் தாய்த் தமிழகத்தோடு இணைந்த நாளும்கூட.

ஆனால் நம் மாவட்டத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஊராட்சிகள் 95 மட்டுமே, பேரூராட்சிகள் ஐம்பதுக்கும் மேல். 2011 கணக்கெடுப்பின்படி மக்களில் நூற்றுக்கு 82 பேர் நகர்ப்புறத்தில். அவர்களுக்குக் கிராம சபை கிடையாது. நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு 2022-லிருந்து பகுதி சபை என்ற ஏற்பாடு வந்திருக்கிறது. உங்கள் வார்டில் அது எப்போது கூடுகிறது என்று கவுன்சிலரிடம் கேளுங்கள். கூடுவதே இல்லை என்றால் அதையும் எழுதிக் கேளுங்கள்.

ஐ.நா.வின் இணைய ஆளுகை மன்றம் என்பது?

2006-ல் ஏதென்ஸில் தொடங்கிய வருடாந்தரக் கூட்டம், 2008-ல் ஹைதராபாத்தில் நடந்தது. யாரும் வரலாம், இணையம் வழியாகவும் பேசலாம். முடிவெடுக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. பழகவும் ஆட்களைத் தெரிந்துகொள்ளவும் நல்ல இடம். இந்திய அளவிலான மன்றம் 2021-லிருந்து நடக்கிறது.

கல்லூரி மாணவர் ஒருவர் எங்கே தொடங்கலாம்?

ஐகேன் பயணச் செலவும் தங்குமிடமும் கொடுக்கும் ஃபெலோஷிப் நடத்துகிறது, மாணவர்களுக்கு நெக்ஸ்ட்ஜென் என்ற தனித் திட்டமும் உண்டு. விண்ணப்பத்தில் ஏற்கெனவே எதிலாவது கலந்துகொண்டீர்களா என்று பார்ப்பார்கள். அதனால் முதலில் டிராய் இணையதளத்துக்குப் போய் இப்போது கருத்துக்குத் திறந்திருக்கும் தாள்களின் பட்டியலைப் பாருங்கள். ஒன்றை மட்டும் எடுங்கள். அதில் இரண்டு தேதிகள் இருக்கும், கருத்துக்கு ஒன்று, மறுகருத்துக்கு ஒன்று. இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். முதல் கெடு முடிந்ததும் தொலைபேசி நிறுவனங்கள் எழுதியவை எல்லாம் அதே பக்கத்தில் ஏறிவிடும். அவற்றைப் படித்து, உங்கள் ஊர் நிலவரத்தோடு ஒத்துவராத ஒரு வாதத்துக்காவது மறுகருத்து எழுதுங்கள். அவர்கள் எழுதியதைப் பார்த்துவிட்டுப் பதில் எழுத நமக்குக் கிடைக்கும் அவகாசம் அது. பெரும்பாலானவர்கள் தவறவிடுவதும் அந்த இரண்டாவது தேதியைத்தான்.